புதினத்திலிருந்து திரைக்கு

நுழையும் முன்

படித்து மகிழ்ந்த கதை திரைப்படமாக வெளிவந்ததும் அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்வது இயல்பு. "கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "படம்தான் நன்றாக இருக்கிறது" என்பார் மற்றொருவர். இத்தகைய கருத்துகளைப் பயனுள்ள முறையில் பகிர்ந்துகொள்வது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

துர்கா காணாத தொடர்வண்டி

விபூதிபூஷண் பந்தோபாத்யாய் வங்கமொழியில் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் புதினம் 1929ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. நிச்சிந்திபுரம் என்னும் சிற்றூரில் வறுமையில் வாடும் ஒரு குடும்பத்தின் கதை அது. அக்குடும்பத்தின் பிள்ளைகள் துர்காவும் அவளுடைய தம்பி அப்புவும். தொடர்வண்டியைக் காண வேண்டும் என்பது அவர்களுடைய பெருங்கனவு. ஒருமுறை இருவரும் இருப்புப்பாதையைத் தேடி ஓடுகின்றனர். ஆயினும் காணாமலே திரும்புகின்றனர். பின்னர்க் காய்ச்சலில் கிடக்கும் துர்கா, உடல் நலமானதும் தனக்குத் தொடர்வண்டியைக் காட்டுமாறு தம்பியிடம் கேட்கிறாள். அவ்விருப்பம் நிறைவேறாமலே அவள் இறந்துபோகிறாள். ஊரைவிட்டுக் குடும்பம் வெளியேறும் நாளில் தொடர்வண்டியில் அமர்ந்திருக்கும் அப்பு, அதைக் காணாமலே போன அக்காவை நினைத்துக்கொள்கிறான்.

சத்யஜித் ரே இப்புதினத்தை 1955ஆம் ஆண்டு திரைப்படமாக்கினார். அவர் இக்கதைக்குப் புதியவர் அல்லர். சிறுவர்களுக்கான அதன் சுருக்கப் பதிப்புக்கு முன்பே ஓவியம் வரைந்தவர். கதையை நன்கறிந்த அவரே தொடர்வண்டிக் காட்சியை மாற்றினார். படத்தில் அக்காவும் தம்பியும் வெண்ணிறப் பூக்கள் நிறைந்த நாணற்காட்டில் நிற்கின்றனர். தொலைவில் கரும்புகை எழுகிறது. இருவரும் அதை நோக்கி ஓடுகின்றனர். துர்கா தடுக்கி விழுந்து பின்தங்குகிறாள். அப்புவே தண்டவாளத்தின் அருகில் சென்று நிற்கிறான்.

புதினத்தைப் படித்தவர், "இது கதையில் இல்லையே!" என்று கூறினால் அது உண்மையே. ஆயினும் அந்தக் கருத்து அங்கேயே நின்றுவிடக் கூடாது. ரே ஏன் மாற்றினார் என்று அடுத்து வினவ வேண்டும். நிகழாமற்போன ஒன்றைச் சொற்களால் எளிதாகச் சொல்ல முடியும். 'அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். படிப்பவர் கண் கலங்குவார். படக்கருவியோ நிகழ்வதைக் காட்டுவதற்கு ஏற்றது. ஆகவே ரே தொடர்வண்டியை வரவழைத்தார். எனினும், துர்காவைப் பின்தங்கவைத்ததன் மூலம் மூலக்கதையின் துயரத்தைச் சிறிதளவு காப்பாற்றிக்கொண்டார். காட்சி மாறினும் அதன் உட்கருத்து முற்றிலும் மாறிவிடவில்லை.

தெரிந்துகொள்வோம்

நாணற்காட்டுக் காட்சியின் ஒரு பகுதியைப் படமாக்கிய பின், சில நாள் கழித்துப் படப்பிடிப்புக் குழுவினர் மீண்டும் அங்குச் சென்றனர். அதற்குள் மாடுகள் நாணற்பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. எஞ்சிய பகுதியைப் படமாக்க அடுத்த பூக்கும் காலம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மால்குடியை இழந்த வழிகாட்டி

எல்லா மாற்றமும் இவ்வாறு பொருந்திவிடுவதில்லை. ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கைடு' என்னும் புதினம் 1958ஆம் ஆண்டு வெளிவந்து, 1960ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. சுற்றுலா வழிகாட்டியாக இருந்த ராஜு, சிறை சென்று மீண்டபின் ஊர்மக்களால் துறவியாகக் கருதப்படுகிறான். மழை வேண்டி உண்ணாநோன்பு இருக்கும் நிலைக்கும் தள்ளப்படுகிறான். மலைகளில் மழை பெய்வதை உணர்வதாகக் கூறிச் சாய்கிறான். மழை உண்மையிலேயே வந்ததா, ராஜு உயிர் பிழைத்தானா என்பதை நாராயண் கூறவில்லை. முடிவு படிப்பவரின் மனத்துக்கு விடப்படுகிறது.

விஜய் ஆனந்த் இயக்கத்தில் 1965ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படம் இந்த ஐயத்தை நீக்கிவிட்டது. படத்தில் மழை கொட்டுகிறது, ராஜு இறக்கிறான். கதை நிகழும் இடமும் மாறியது. நாராயணின் கற்பனைச் சிற்றூரான மால்குடிக்கு மாறாக, இராசத்தானத்தின் உதயப்பூர் திரையில் தோன்றியது. தம் கதைக்கு ஏற்ற இடங்களை மைசூர்ப் பகுதியில் படக்குழுவினருக்கு நேரில் காட்டியிருந்த நாராயண் இதனால் மிகவும் வருந்தினார். அவ்வருத்தத்தை நகைச்சுவை கலந்த கட்டுரையாகவும் எழுதினார். சிறிய ஊரும் அதன் எளிய மனிதர்களுமே அவருடைய எழுத்தின் உயிர். அரண்மனைகளும் ஏரிகளும் எவ்வளவு அழகாக இருப்பினும் அந்தச் சிற்றூருக்கு ஈடாகமாட்டா.

ஆயினும் படத்தை விரும்பியவர்களின் கருத்தையும் தள்ளிவிட இயலாது. கதையின் நாயகி ரோஸி ஒரு நடனக் கலைஞர். புதினம் அவளுடைய நடனத்தை விவரிக்கலாமே தவிர, ஆடிக் காட்ட இயலாது. பரதநாட்டியம் பயின்ற வகீதா ரகுமான் திரையில் ஆடியபோது, அவளுக்குக் கலை ஏன் உயிரினும் பெரிதாயிற்று என்பது காண்போருக்குச் சொல்லாமலே விளங்கியது.

நாகசுரம் ஒலித்தபோது

இதற்குத் தமிழிலும் சான்று உண்டு. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளிவந்த கதை. நாகசுரக் கலைஞர் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக் கலைஞர் மோகனாவுக்கும் இடையிலான போட்டியும் அன்புமே அதன் பொருள். தொடரைப் படித்தவர்கள் நாகசுரத்தை மனத்துக்குள்தான் கேட்டனர். ஏ.பி. நாகராஜன் 1968ஆம் ஆண்டு இதனைத் திரைப்படமாக்கியபோது, மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாகசுரம் அரங்கில் ஒலித்தது. ஏடு தர இயலாத ஒன்றைத் திரை தந்தது.

அதே வேளையில், நீண்ட கதையைத் திரை முழுமையாகத் தாங்குவதும் அரிது. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னம் அதனை இரண்டு படங்களாக உருவாக்கினார். ஐந்து பாகங்கள் இரண்டு படங்களுக்குள் அடங்க வேண்டுமெனில் பலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். எதை விட்டனர், எதைக் காத்தனர் என்று ஆராய்வதே பயனுடையது.

கருத்தைப் பகிரும் முறை

"பிடித்தது", "பிடிக்கவில்லை" என்பன கருத்தின் தொடக்கமே. அதனுடன் 'ஏனெனில்' என்னும் ஒரு சொல் சேரும்போதுதான் கேட்பவர் சிந்திக்கத் தொடங்குகிறார். பின்வரும் உரையாடலில் இதனைக் காணலாம்.

தம்பி: அக்கா, 'கைடு' படம் பார்த்தேன். மிகவும் பிடித்திருந்தது.

அக்கா: நாவலைப் படித்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டாய். படத்தில் ஒன்றுமே இல்லை.

தம்பி: ஒன்றுமே இல்லையா? ரோஸியின் நடனத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தாலும் கண்ணால் பார்ப்பது போல் ஆகுமா?

அக்கா: அது சரிதான். ஆனால் மழை வந்ததா, இல்லையா என்று நாவல் என்னை இரண்டு நாள் யோசிக்கவைத்தது. படம் அந்த யோசனைக்கு இடமே தரவில்லையே!

தம்பி: அப்படியா? இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாவலைக் கொடு, படிக்கிறேன்.

அக்கா: தருகிறேன். நானும் அந்த நடனக் காட்சிகளை இன்னொரு முறை பார்க்கிறேன்.

அக்காவின் முதற்பேச்சு தம்பியைச் சிறுமைப்படுத்தியது. அடுத்த பேச்சோ அவனைப் புதினத்தின்பால் ஈர்த்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு காரணம் கூறியதே. படிக்காதவரை இகழ்வதால் அவர் நூலை எடுத்துவிடுவதில்லை. படித்தவர் தாம் பெற்ற இன்பத்தைச் சொல்லும்போதுதான் எடுக்கிறார்.

சொல்லும் பொருளும்

புதினம் – நாவல்
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் பாதை
நாணல் – நீர்நிலைகளின் அருகில் வளரும் உயரமான புல்வகை
உண்ணாநோன்பு – உணவு உண்ணாமல் இருக்கும் விரதம்
ஏடு – இங்கு, நூல் அல்லது இதழ்

குறுவினா

1. 'பதேர் பாஞ்சாலி' புதினத்தில் துர்காவின் நிறைவேறாத விருப்பம் யாது?
2. 'தி கைடு' புதினத்தின் முடிவும் படத்தின் முடிவும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்குத் திரை அளித்த புதிய சிறப்பு யாது?

சிறுவினா

1. தொடர்வண்டிக் காட்சியை ரே மாற்றியமைத்ததன் காரணத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. நாராயணின் வருத்தம் ஏற்கத்தக்கதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

மொழிப்பயிற்சி

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக.

எடுத்துக்காட்டு: "நான் நாவலைப் படிக்கிறேன்" என்று தம்பி கூறினான். – தான் நாவலைப் படிப்பதாகத் தம்பி கூறினான்.

1. "எனக்குப் படம் பிடித்திருந்தது" என்று தம்பி கூறினான்.
2. "நான் நடனக் காட்சிகளை மீண்டும் பார்ப்பேன்" என்று அக்கா கூறினாள்.

கற்பவை கற்றபின்

நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் எழுதப்பட்டுத் திரைப்படமான ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் மாறிய ஒரு காட்சியைக் குறித்து, 'ஏனெனில்' என்னும் சொல் இடம்பெறுமாறு ஐந்து தொடர்களில் உங்கள் கருத்தை வகுப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.