நிழல் குட்டையானால் உள்ளே வா!

பங்குனி பிறந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றித்தான். சிலவற்றுக்கு இந்த இதழில் குழந்தைகள் நல மருத்துவர் பதில் தருகிறார்.

என் மகளுக்கு நான்கு மாதம். தாய்ப்பால் மட்டும்தான். "இந்த வெயில்ல பிள்ளைக்கு நாக்கு வறண்டு போகும், ரெண்டு ஸ்பூன் தண்ணி கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். அடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். நான் இல்லாத நேரத்தில் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருச்சி

குறைந்துதான் போகும். குழந்தை குடிக்கும் பால் குறையும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். வெயில் காலத்துக்கும் அது போதும். நான்கு மாதக் குழந்தையின் வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கு இடமிருக்காது. கூடுதல் தண்ணீரை வெளியேற்றும் பக்குவமும் இந்த வயதுச் சிறுநீரகத்துக்கு வந்திருக்காது. ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வரை போன குழந்தைகள் உண்டு. ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இதே கதைதான். வெயில் அடிக்கிறது என்பதற்காக டப்பாவில் போட்டிருக்கும் அளவை மாற்றி நீர்க்கக் கலக்காதீர்கள்.

வெயில் நாளில் குழந்தை அடிக்கடி பால் கேட்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகக் குடிக்கும். பால் போதவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போய், அதுவும் வெளிர் நிறத்தில் இருந்தால் கவலை வேண்டாம். அடர் மஞ்சளாகப் போனால் இன்னும் அடிக்கடி பால் கொடுங்கள். உச்சிக்குழி அமுங்கியிருந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மாமியாரின் அக்கறையில் பிழையில்லை. அந்தத் தண்ணீர் உங்களுக்கு வரட்டும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு சொம்பு நீர்மோர் அவர் கையால் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மாமியார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்து வைக்கும் பாலில்தான் எச்சரிக்கை தேவை. வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்கான கணக்கு. ஏப்ரல் மாதத் திருச்சிச் சமையலறைக்கு அது பொருந்தாது. பாலை எடுத்த கையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், உள்தட்டில்.

மூன்று வயது மகனுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. மூன்று வேளையும் பவுடர் போட்டும் அடங்கவில்லை. ஏசி போட்டால் சளி பிடிக்கும் என்கிறார் கணவர். ஏர்கூலர் வாங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

முதல் வேலையாகப் பவுடர் டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். வியர்வை வெளியேறும் துவாரம் அடைபடுவதால் வருவது வேர்க்குரு. கழுத்து மடிப்பில் வியர்வையும் பவுடரும் குழைந்து பசையாகி, அந்த அடைப்பை இன்னும் இறுக்கும். போதாக்குறைக்கு, கொட்டும்போது கிளம்பும் தூசியைக் குழந்தை மூச்சில் இழுக்கிறது. முதுகில் எண்ணெய் தேய்ப்பதையும் இரண்டு மாதத்துக்கு நிறுத்துங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சாதாரணத் தண்ணீரில் குளிக்க வையுங்கள். நார் போட்டுத் தேய்க்காமல், துண்டால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் உடம்பை உலரவிடுங்கள். வீட்டில் வெறும் ஜட்டியோடு திரியட்டும், யார் என்ன சொல்லப்போகிறார்கள்? உங்கள் ஊர்ப் பக்கம் நுங்குத் தண்ணீரைத் தடவுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், தப்பில்லை. காய்ந்த பிசுபிசுப்பை மட்டும் கழுவிவிடுங்கள். குருவில் சீழ் வைத்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ், ஏசி அல்ல. மூடிய அறையில் ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் வரும் என்பது மட்டும் உண்மை. 26 டிகிரியில் வைத்து, காற்று நேராகக் குழந்தை முகத்தில் படாமல் திருப்பி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவினால் உங்கள் கணவர் தாராளமாகச் சம்மதிக்கலாம்.

மதுரையின் வறண்ட வெயிலுக்கு ஏர்கூலர் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது, அவ்வளவுதான் அதன் சூத்திரம். அந்த ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலரை ஓடவிட்டால் அறை இட்லிப் பானைதான். உங்களைப் பார்த்துச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் உறவினர்கள் வாங்கினால் ஏமாந்துபோவார்கள். கடற்கரை ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வாரம் ஒருமுறை கூலர் தொட்டியைக் காலிசெய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். டெங்குக் கொசு முட்டையைச் சுவரில்தான் ஒட்டிவைக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயே இருக்கும்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டு. லீவு விட்டதும் ஒரு மாதம் சிவகங்கைப் பக்கம் அம்மா வீட்டில் விடலாம் என்பது என் எண்ணம். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டும். கணவரோ மகனை சம்மர் கேம்ப்பில் சேர்த்து, மகளை கிரெச்சிலேயே விட்டுவிடலாம் என்கிறார்.
– ஒரு வாசகி, சென்னை

என் ஓட்டு அம்மாச்சி வீட்டுக்குத்தான். ஆனால் பிள்ளைகளை இறக்கிவிட்டு அன்றிரவே பஸ் ஏறிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் உங்களில் ஒருவர் அங்கே இருந்து, வீட்டையும் தெருவையும் ஒரு சுற்றுப் பாருங்கள். முக்கியமாகத் தண்ணீரை.

கிணற்றுக்குக் கம்பி மூடி இருக்கிறதா? பம்புசெட் தொட்டி எவ்வளவு ஆழம்? கண்மாய் வற்றிக் கிடக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். மண் அள்ளிய குழிகளில் ஒரு கோடைமழைக்கே தண்ணீர் நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்போலத் தெரியும். இரண்டு எட்டு வைத்தால் ஆளை முழுங்கும். லீவு மாதங்களில் ஊருக்கு வந்த பிள்ளைகள் இறந்துபோகும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு நீச்சல் தெரியும், கூடப் போகும் உங்கள் மகனுக்குத் தெரியாது. இரண்டு வயது மகளுக்குக் கிணறுகூட வேண்டாம். ஒரு சாண் தண்ணீர் இருக்கும் பக்கெட்டே போதும்: தலை கனம், குப்புற விழுந்தால் எழ முடியாது. புழங்கி முடித்த பக்கெட்டையும் அண்டாவையும் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை வீடு முழுவதற்கும் கொண்டுவாருங்கள். சினிமாவில் வருவதுபோல் மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமே இருக்காது. அதனால் தண்ணீர் பக்கம் போனால் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். "எல்லாரும் இருக்கோம்ல" என்பது பேச்சுக்கு ஆகாது. இந்த நேரம் மாமா, அந்த நேரம் சித்தி என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கத்திரிக்குள் என்றீர்கள். அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கும், சரி. ஆனால் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரலிலேயே: கன்னியாகுமரியில் 10-ஆம் தேதிவாக்கில், சென்னையில் 24-ஆம் தேதிவாக்கில். அதனால் கத்திரிக்குக் காத்திருக்காமல் இப்போதே வீட்டின் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் ஆட்டம், பகலில் வீட்டுக்குள், ஐந்து மணிக்கு மேல் மறுபடி தெரு. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வழி சொல்லிக்கொடுங்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாகிவிட்டால் வீட்டுக்குள் வந்துவிடு. அழைக்கப் போன அம்மாச்சியிடமே, "இன்னும் நெட்டையாத்தான் இருக்கு" என்று வாதாடுவார்கள். வாதாடட்டும்.

பகலில் போரடிக்குது என்பான். போரடிப்பது வியாதி அல்ல, நாம்தான் உடனே போனைக் கொடுத்து வைத்தியம் பார்க்கிறோம். காலை வெயிலில் மொட்டைமாடியில் பிழிந்த வடகத்துக்குக் காக்கா காவல், மத்தியானம் தாயம், பல்லாங்குழி என்று ஓடிவிடும். அம்மாச்சிக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வெயில் அவரையும் வாட்டும்; இரண்டு வயதுக் குழந்தையின் பின்னால் பகல் முழுக்க ஓடக் கூலிக்காவது ஒரு ஆள் வையுங்கள்.

கேம்ப்தான் என்று முடிவானால், பதினொன்றிலிருந்து நான்குவரை பிள்ளைகளை எங்கே வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். தகரக் கொட்டகை என்றால் வேண்டாம்.

ஐஸ் வாட்டர் குடித்தால் காய்ச்சல் வருமா? மாம்பழம் சூடு, கட்டி வரும் என்கிறார்களே? டெட்ரா பாக்கெட் ஓஆர்எஸ் தினமும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

குளிர்ந்த தண்ணீரால் காய்ச்சல் வராது. தள்ளுவண்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதுதான் கேள்வி. வேனற்கட்டிக்குக் காரணம் பாக்டீரியா. வியர்வையும் நகக்கீறலும் அதற்கு வழிவிடுகின்றன, மாம்பழம் பாவம். ஆனால் காம்பிலிருந்து வடியும் பால் வாயோரத்தைப் புண்ணாக்கும். காம்புப் பக்கத்தை நறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்துப் பிறகு கொடுங்கள்.

ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்குமான மருந்து, அன்றாடப் பானம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஓஆர்எஸ் என்று பெயரில் போட்டுப் பல மடங்கு சர்க்கரையோடு விற்ற பானங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் தடை வந்தது. தினசரிக்கு மோர், இளநீர், வெறும் தண்ணீர் போதும்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு நேற்று அம்மை போட்டிருக்கிறது. தடுப்பூசி போடாத 14 மாதத் தம்பி கூடவே இருக்கிறான். மூன்று தலைக்கு ஊற்றும்வரை குளிப்பாட்டக் கூடாது, மாத்திரையும் கூடாது என்கிறார் அத்தை. திங்கட்கிழமை பரீட்சை வேறு.
– ஒரு வாசகி, ஈரோடு

தம்பியிடமிருந்து தொடங்குவோம். ஒரு வயது தாண்டியவர்களுக்கு, அம்மைக்காரரோடு பழகிய மூன்று நாளுக்குள், கடைசிபட்சம் ஐந்து நாளுக்குள் சின்னம்மைத் தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ வந்தாலும் லேசாகவோ போக வாய்ப்பு அதிகம். இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இரண்டாவதாக வருகிறவருக்கு அம்மை பெரும்பாலும் அதிகமாகவே போடும்.

வாசலில் வேப்பிலை செருகுவதை நான் தடுக்க மாட்டேன். அதைப் பார்த்து விருந்தாளி திரும்பிப் போகிறார், நல்லதுதானே. குறிப்பாக, இதுவரை அம்மை வராத கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது. நமைச்சலுக்கு வேப்பங்கொத்தால் மெல்ல வருடட்டும். அரைத்து உடைந்த கொப்புளத்தில் பூச வேண்டாம். குளியலைத் தள்ளிப்போட மருத்துவக் காரணம் எதுவுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அத்தையின் மனதுக்காக மூன்று தலைக்கு ஊற்றும் சடங்கைப் பிற்பாடு முறையாகச் செய்துகொள்ளலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது, இபுப்ரோஃபெனும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, தூங்கியே கிடந்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ தாமதிக்காதீர்கள்.

எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மற்றவருக்குப் பரவும். பள்ளிக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பரீட்சைதானே!