கருவுற்ற காலத்து இனிப்புநீரும் மாத்திரையும்

கருவுற்ற தாய்மார்களுக்குச் சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்து இரத்தம் சோதிப்பதை நம் தோட்டத்துச் சகோதரிகள் அறிவர். வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோலோ அதற்கு மேலோ, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8 மில்லிமோலோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பின், அது கர்ப்பகால இனிப்புநீர் எனப்படும். தாயிடம் மிகும் சர்க்கரை குழந்தையையும் சென்றடையும்; குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பேறு கடினமாகலாம்.

முதலில் உணவைத் திருத்துவர். டின்பால் கலந்த தேநீரை நிறுத்தி, சோற்றைக் குறைத்தும் ஓரிரு வாரங்களில் சர்க்கரை இறங்காவிடின், மருத்துவர் மெட்பார்மின் மாத்திரை கொடுப்பதுண்டு. தயக்கம் எழுவது இங்கேதான். "பிள்ளைக்குக் கேடு வருமோ?" என்று அஞ்சி, வாங்கிய மாத்திரையை உண்ணாமலே வைத்திருப்போர் உளர்.

அச்சம் இயல்பே. இம்மருந்து குழந்தையையும் சென்றடையும் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 700க்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டோரின் குழந்தைகளைவிட மெட்பார்மின் உண்டோரின் குழந்தைகளுக்குப் பிறப்புக்காலத் தொல்லைகள் மிகுதியாகவில்லை. மாத்திரை உண்டோரில் 46 விழுக்காட்டினருக்கு ஊசியும் தேவைப்பட்டது. எனவே, பின்னர் ஊசி போடச் சொன்னால் கலங்க வேண்டா.

மாத்திரையை உணவுடன் உண்ண வேண்டும். தொடக்கத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். மிகுந்தால் தாதியிடம் கூறுக. தாமாக நிறுத்துதல் கூடாது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். "எனக்கும் அதே நோய்தானே" என்று மாமியார் தம் மாத்திரையை மருமகளுக்குக் கொடுப்பதுண்டு. அவருடைய அன்பில் நாம் குறை காணவில்லை. ஆனால், இனிப்புநீர் மாத்திரைகள் யாவும் ஒன்றல்ல. கிளிபென்கிளமைடு போன்றவை சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக் கூடியவை. விடியுமுன் பசியாறாமல் மரம் சீவச் செல்லும் கருவுற்ற பெண் அதனை உண்டால், கைகால் நடுங்கி வியர்த்து, நிரையிலேயே மயங்கி விழ நேரும். அருகில் ஆளிருப்பதும் அரிது.

பிள்ளைப் பேற்றுக்குப் பின் பெரும்பாலோர்க்கு மாத்திரை நிறுத்தப்படும். எனினும், பிற்காலத்தில் இந்நோய் நிலையாக வந்துவிடும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். ஆகவே, ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் அதே குளுக்கோஸ் சோதனை செய்வர். அன்றும் வெறும் வயிற்றுடன் செல்ல வேண்டும். குழந்தைக்குப் பாலூட்டத் தடையில்லை. உடன் எடுத்துச் செல்லலாம்.