ஒரு வேர், பல சொற்கள்

கடினமான ஆங்கிலச் சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்யும் பிள்ளை, பரீட்சையில் திகைத்து நிற்கிறான். குற்றம் அவனுடையதன்று, வழியே தவறு.

சொல்லின் வேரைக் காட்டுங்கள். லத்தீனில் ‘போர்த்தாரே’ என்றால் சுமந்து செல்லுதல். உள்ளே கொண்டுவருவது ‘இம்போர்ட்’. வெளியே கொண்டுபோவது ‘எக்ஸ்போர்ட்’. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சேர்ப்பது ‘டிரான்ஸ்போர்ட்’. செய்தியைத் திரும்பக் கொண்டுவருவது ‘ரிப்போர்ட்’. ரயிலடியில் சுமை தூக்குபவர் ‘போர்ட்டர்’.

ஆனால் எச்சரிக்கை! ‘ஆப்பர்ட்யூனிட்டி’யின் எழுத்துக்களிலும் ‘போர்ட்’ உண்டு. அதுவோ துறைமுகம் என்னும் பொருளுள்ள ‘போர்த்துஸ்’ என்ற சொல்லின் வழி வந்தது. ஆகவே அகராதியில் பார்த்தே உறுதி செய்க.

நாளுக்கு ஒரு வேர், ஒரு சொந்த வாக்கியம், மறுநாள் ஒப்புவித்தல், இதுவே போதும். ஆங்கிலம் அறியாத தாயும் அருகில் அமர்ந்து, “இந்தச் சொல் எதைச் சுமக்கிறது, மகனே?” என்று கேட்கலாமன்றோ?