பழைய காகிதமும் வெந்தயமும்: முறம், கூடைகளைப் புதுப்பிக்கும் முறை

களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த தானியம், வீட்டிலும் சிறிது சிறிதாக நட்டமாவதுண்டு. நாள்பட்ட முறத்தில் எள், கேழ்வரகு, சாமை போன்ற சிறு மணிகளைப் புடைக்கும்போது, மூங்கில் சிம்புகளின் இடுக்கு வழியே மணிகள் சிந்திவிடுகின்றன. சிம்பு பெயர்ந்த முறம் கையையும் கிழிக்கும். இத்தகைய முறத்தை அடுப்பில் வைத்து எரிக்க வேண்டியதில்லை. வீணாகும் காகிதத்தையும் வெந்தயத்தையும் கொண்டு அதனை மீண்டும் உழைக்கச் செய்யலாம். நமது பாட்டிமார் கையாண்ட முறைதான் இது. இன்றைக்கு ஏற்றவாறு சில எச்சரிக்கைகளுடன் இதனைச் செய்வது நலம்.

தேவையான பொருட்கள்

பழைய காகிதம் அரை கிலோ, வெந்தயம் சுமார் 100 கிராம், கிழிந்த பருத்தி வேட்டித் துண்டு, தண்ணீர் ஆகியவை போதும்.

காகிதத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. செய்தித்தாளின் அச்சு மை உணவில் கலப்பது உடல்நலத்திற்குக் கேடு. செய்தித்தாளில் உணவுப் பொருட்களைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. ஆகவே, தானியம் புடைக்கும் முறத்திற்கு, நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட தாள்களையும் அச்சிடாத பழுப்புக் காகிதத்தையுமே பயன்படுத்த வேண்டும். செய்தித்தாள் கூழில் ஊசி, நூல், சாவி போன்றவை வைக்கும் கிண்ணங்கள் செய்துகொள்ளலாம்.

கூழ் தயாரித்தல்

காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு நாட்கள் ஊறவைக்க வேண்டும். நாள்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும். வெந்தயத்தைத் தனியே ஓர் இரவு ஊறவைத்து, நுரைத்து வரும்வரை அரைக்க வேண்டும். ஊறிய வெந்தயத்தில் உண்டாகும் வழுவழுப்பான பசைதான் காகித நாரைப் பிணைக்கிறது. பிறகு காகிதத்தை ஒட்டப் பிழிந்து, ஆட்டுக்கல்லிலோ உரலிலோ மசிய இடித்து, வெந்தய விழுதைச் சேர்த்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவின் பதம் வந்தால் போதும். நீர் மிகுந்தால் காயும்போது வெடிக்கும்.

பூசும் முறை

முறத்தைத் துடைத்து, தளர்ந்த சிம்புகளை நூலால் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய ஓட்டை இருந்தால், வேட்டித் துண்டை வெந்தய விழுதில் நனைத்து ஒட்ட வேண்டும். அதன்பின் கூழை மெல்லிய அடையாக வைத்து, ஈரக் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்த பின்னரே மறுபக்கம் பூச வேண்டும். முதல் இரண்டு நாட்கள் நிழலில் உலர்த்தி, பிறகு வெயிலில் காயவைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கடும் வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் சுருங்கி விரிசல் காணும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் தை முதல் சித்திரை வரை இவ்வேலைக்கு ஏற்ற காலம்.

மீந்த கூழைக் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் ஈரத்துணி போர்த்தி, கால் அங்குல கனத்திற்கு அப்பினால் கிண்ணமாகும். கூழ் காயக் காயச் சுருங்கிப் பாத்திரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். எனவே பாதி காய்ந்ததும் கழற்றிவிட வேண்டும். வெளிப்புறத்தில் காவி பூசிக் கோலமிட்டால் அழகாக இருக்கும்.

பராமரிப்பு

பூசிய முறத்தைக் கழுவக்கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கறையான் காகிதத்தை விரும்பித் தின்னும் என்பதால், தரையில் வைக்காமல் சுவரில் மாட்டிவைக்க வேண்டும். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் காகிதக் கூடையில் விதையைச் சேமித்து வைக்கலாகாது.

தவிர்க்க வேண்டியவை

பூச்சி அரிக்காதிருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, தானியம் படும் பொருளில் கலக்கவே கூடாது. உரச் சாக்கில் உணவுத் தானியத்தைக் கட்டிவைப்பதும் தவறு. அதனைக் கால்மிதியாக மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

பூச்சிமருந்து டப்பாவும் புட்டியும் எத்தனை உறுதியாக இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும் வீட்டுப் புழக்கத்திற்கு ஆகாதவை. எண்ணெய் ஊற்றவோ, தண்ணீர் மொள்ளவோ, பூச்செடி வைக்கவோ அவற்றை எடுக்கக்கூடாது. காலிக் கலன்களை மறுபடியும் எடுத்துப் பயன்படுத்த இடமின்றி உடைத்து அப்புறப்படுத்த வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைச் சிறிதும் மறக்கலாகாது.

வீட்டில் ஒரு பொருளை மறுபடி பயன்படுத்துமுன், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டறிதல் வேண்டும். தூய காகிதமும் பழந்துணியும் பயன் தரும்; நஞ்சு இருந்த கலம் ஒருநாளும் பயன் தராது. இதனை மனத்திற்கொண்டு, வரும் தை அறுவடைக்குப்பின் வீட்டிலுள்ள பழைய முறங்களைப் புதுப்பித்துப் பயன்பெறலாம்.