மேட்டூர் அலுமினியம் ஏன் நின்றது?

நம்ம லால்பேட்டைக்காரங்களுக்கு மேட்டூர்னா வீராணம் ஏரிக்கு வர்ற தண்ணி. அதே மேட்டூர்ல மால்கோ கம்பெனி ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்தது தெரியுமா?

இரும்புத் தாதுவைக் கரியோடு சூடாக்கினால் இரும்பு கிடைக்கும். அலுமினியம் அப்படி வராது. கரியால் பிரிக்க முடியாத அளவுக்கு ஆக்சிஜனை இறுக்கமா பிடிச்சிருக்கும். அதன் உப்பைத் தண்ணியில கரைச்சு கரண்ட் விட்டாலும் ஹைட்ரஜன்தான் வரும்.

அதனால பாக்சைட்டைச் சுத்தம் செஞ்சு அலுமினா ஆக்குறாங்க. அது உருக 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல வேணும். ஆனா உருகிய கிரையோலைட்டில் கரைச்சா சுமார் 960 டிகிரி போதும். கரண்ட் விட்டதும் அலுமினியம் கேத்தோடு பக்கம் அடியில் தேங்கும். ஆக்சிஜன் கார்பன் ஆனோடை எரிச்சு, கார்பன் டை ஆக்சைடா வெளியேறும்.

ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் செலவு. 70 வாட் ஃபேன் 200 மணி நேரம் ஓடலாம்! சொந்த அனல்மின் நிலையம் இருந்தும் மால்கோ 2008இல் உருக்காலையை நிறுத்தியது. மின் நிலையம் மட்டும் அதுக்கப்புறமும் ஓடி, கரண்ட்டை விற்றது.

பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, புதுசா எடுக்கிற சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். அடுத்த தடவை நசுங்கின சட்டியைக் குப்பையில் வீசாதீங்க, பழைய இரும்புக் கடையில் போடுங்க. அதுக்குள்ள அவ்வளவு கரண்ட் இருக்கு.