விளையாட்டு விழாவும் விழுமியக் கல்வியும்
(எர்ணாவூர்ப் பகுதிப் பள்ளிகளை முன்வைத்துச் சில எண்ணங்கள்)

முன்னுரை

ஏட்டுக் கல்வியோடு உடற்கல்வியும் இணையும்போதே கல்வி முழுமை பெறும் என்பது அறிஞர் பலரும் உடன்படும் கருத்தாகும். அக்கருத்தின் விளைவாகவே நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடைபெறுகின்றது. விழா மேடையில் பேசுவோர், வெற்றியும் தோல்வியும் பெரிதல்ல, பங்கேற்பதே பெரிது என மாணவர்க்கு அறிவுரை கூறுவர். அறிவுரை நல்லதே. ஆயினும் அதே மைதானத்தில் கோடுகள் கோணலாக இடப்பட்டிருப்பின், நடுவர் தம் வகுப்பு மாணவன் பக்கம் சாய்வாராயின், வயது கூடிய மாணவன் இளையோர் பிரிவில் ஓடுவானாயின், குழந்தை எதைக் கற்கும்? காதால் கேட்டதையன்று, கண்ணால் கண்டதையே கற்கும். விளையாட்டு விழாவில் விழுமியக் கல்வி என்பது சொற்பொழிவில் இல்லை. விழாவை அமைக்கும் முறையிலேயே உள்ளது. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வடசென்னையைச் சார்ந்த எர்ணாவூரைக் களமாகக் கொண்டு இதனை ஆராய்கின்றோம்.

களத்தின் இயல்பு

திருவொற்றியூருக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் எல்லையாக அமைந்த பகுதி எர்ணாவூர். மீனவர் குப்பங்களும், தொழிலாளர் குடியிருப்புகளும், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மக்களுக்கெனக் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளும் இங்கே அருகருகே உள்ளன. வடக்கே 2001-இல் செயற்படத் தொடங்கி, 2014-இல் காமராசர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகம். தெற்கே சென்னைத் துறைமுகம். இரண்டிற்கும் இடையே சரக்குப் பெட்டக லாரிகள் ஓடும் சாலை. இத்தகைய ஊரில் பிள்ளைகள் ஓடி விளையாடத் திறந்தவெளி அரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விளையாட்டு விழா நாளில்தான் ஒரு குழந்தை தடையின்றி நூறு மீட்டர் ஓடிப் பார்க்கிறது எனின் அது மிகையாகாது.

இடம் குறைவு என்பதால் ஆற்றலும் குறைவு எனக் கருதுதல் தவறு. 29 அங்குலச் சதுரப் பலகையொன்றில் வடசென்னை உலகப் புகழ் கண்டுள்ளது. இராயபுரம் பகுதியில் ஆடி வளர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் கேரம் ஆட்டத்தில் உலக வாகையராகி, அருச்சுனா விருதும் பெற்றார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஆகவே மைதானம் சிறிய பள்ளிகள் கேரம், சதுரங்கம், கயிறு இழுத்தல், கபடி ஆகியவற்றையும் ஓட்டப் பந்தயங்களுக்கு நிகரான மதிப்புடன் விழாவில் சேர்த்தல் வேண்டும். விரைந்து ஓடும் பத்துப் பிள்ளைகள் ஆட, எஞ்சிய நானூறு பிள்ளைகள் வெயிலில் அமர்ந்து கைதட்டுவது விழாவாகாது.

கோட்டில் உள்ள நீதி

திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வறத்தை மைதானத்தில் முதலில் கற்பிப்பது சுண்ணாம்புக் கோடே. ஒரு முழுச் சுற்று ஓடும் பந்தயத்தில் எல்லாரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினால் அது சமமாகத் தோன்றும், உண்மையில் அநீதியாகும். வெளிப் பாதையில் ஓடுவோர் வளைவுகளில் கூடுதல் தொலைவு ஓட நேரும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர் எனின், ஒவ்வொரு வெளிப் பாதையின் தொடக்கக் கோட்டையும் அதன் உட்பாதையின் கோட்டிற்கு ஏறத்தாழ 7.67 மீட்டர் முன்னே இடல் வேண்டும். இடநெருக்கடியால் அகலத்தை 1 மீட்டராகக் குறைத்தால் அது 6.28 மீட்டர் ஆகும். நேர்பக்கங்கள் இரண்டும் அரைவட்டங்கள் இரண்டும் கொண்ட மைதானம் பெரிதாயினும் சிறிதாயினும் இக்கணக்கு மாறுவதில்லை.

இக்கோடுகளை உடற்கல்வி ஆசிரியர் மட்டுமே இட்டு முடித்தல் போதாது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவரே கயிறு பிடித்து அளந்து இடல் வேண்டும் என்பது எமது கருத்து. வட்டத்தின் சுற்றளவுப் பாடம் அங்கே உயிர் பெறும். அதனினும் மேலாக, முன்னே நிற்பவன் சலுகை பெற்றவன் அல்லன், எல்லாரும் ஒரே தொலைவு ஓடவே அவன் முன்னே நிறுத்தப்பட்டான் என்னும் உண்மை மாணவர் நெஞ்சில் பதியும். சமுதாயத்தில் சமநீதி பற்றிப் பின்னாளில் அவர்கள் படிக்கப்போகும் பாடத்திற்கு இது தக்க முன்னுரையாகும். எவர் எப்பாதையில் ஓடுவது என்பதையும் ஆசிரியர் விருப்பத்திற்கு விடாமல், அனைவர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தல் வேண்டும்.

விதியும் நடுவரும்

விதி முன்கூட்டியே அறிவிக்கப்படும்போதுதான் தீர்ப்பு நீதியாகும். ஓட்டத்தில் முடிவுக் கோட்டைத் தலையோ கையோ தொட்டால் கணக்கில்லை. மார்பும் வயிறும் சேர்ந்த உடற்பகுதி எட்டுவதே கணக்கு. நீளம் தாண்டுதலில் மணலில் பதிந்த தடங்களுள் தாண்டுகோட்டிற்கு மிக அருகிலுள்ளதிலிருந்தே அளவு எடுக்கப்படும். பின்னோக்கிக் கை ஊன்றினால் அளவு குறையும். இவற்றை விழாவிற்கு ஒரு வாரம் முன்பே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விளக்கிக் கரும்பலகையில் எழுதி வைத்தல் நலம். விதியை அறியாது தோற்ற பிள்ளை, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே எண்ணும். விதியை அறிந்து தோற்ற பிள்ளை அடுத்த ஆண்டிற்குப் பயிற்சி தொடங்கும்.

கைக் கடிகாரங்களால் நேரம் குறிக்கையில் மூவர் குறித்தல் வேண்டும். மூன்றும் வேறுபடின் நடுவிலுள்ள நேரமே ஏற்கப்படும். இரண்டு ஒத்திருப்பின் அதுவே முடிவு. ஓர் ஆசிரியர் தம் வகுப்பு மாணவர் ஓடும் பந்தயத்தில் நடுவராக இருத்தல் கூடாது. அவர் நேர்மையற்றவர் என்பதாலன்று. அவர்மீது ஐயம் எழாதிருக்கவே அவ்வாறு செய்கின்றோம். ஐயம் எழுந்தால் முறையிடவும் வழி வேண்டும். கூச்சலிடும் பெற்றோரின் குரலுக்கன்று, அமைதியாகக் கேட்கும் மாணவத் தலைவரின் குரலுக்கே விடை கிடைக்கும் எனும் வழக்கத்தை ஏற்படுத்தினால், குறையை உரிய முறையில் எடுத்துரைக்கும் பண்பும் பிள்ளைகட்கு வாய்க்கும்.

வயதும் வாய்மையும்

பள்ளி விளையாட்டில் வாய்மைக்கு நேரும் பெருஞ்சோதனை வயதைக் குறைத்துக் காட்டுதலாகும். குறுவட்டப் போட்டி முதல் மாநிலப் போட்டி வரை 14, 17, 19 வயதிற்குட்பட்டோர் என்றே பிரிவுகள் அமைகின்றன. பதினாறு வயது மாணவன் பதினான்கு வயதிற்குட்பட்டோர் பிரிவில் ஓடி வெல்வது எளிது. ஆனால் அவ்வெற்றிச் சான்றிதழ் வெறுந்தாளன்று. தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்க்கு இடஒதுக்கீடு உண்டு. எனவே பொய்யாகப் பெற்ற ஒரு சான்றிதழ், முறையாக உழைத்த வேறோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் இடத்தைப் பறிப்பதாகும். பள்ளியின் புகழ் கருதி இதற்கு உடன்படும் பெரியோர், அம்மாணவனுக்கும் தீங்கே இழைக்கின்றனர். பதினான்கு வயதில் பொய்யால் வெல்லப் பழகியவன், வாழ்வில் மெய்யால் தோற்கும் துணிவை இழந்துவிடுவான்.

தானே சாட்சியாதல்

நடுவர் எத்துணைக் கூர்மையாக நோக்கினும் காணாதன சில உண்டு. கபடியில் பாடிச் சென்றவரின் விரல் எதிரணியினரைத் தொட்டதா இல்லையா என்பதைச் சில வேளைகளில் அவ்விருவரே அறிவர். அப்போது தொடப்பட்டவர் தாமே கை உயர்த்தி வெளியேறுவாராயின் அதனினும் சிறந்த அறப்பாடம் வேறில்லை. 2012 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டின் புர்லாடாவில் நடைபெற்ற நெடுந்தொலைவு ஓட்டத்தில் முன்னே சென்ற கென்ய வீரர் ஏபெல் முத்தாய், முடிவிடத்தை எட்டிவிட்டதாக எண்ணி முன்னதாகவே ஓட்டத்தைத் தளர்த்தினார். பின்னே வந்த ஸ்பெயின் வீரர் இவான் பெர்னாண்டஸ் அனயா அவரை முந்தாமல், சைகையால் வழிகாட்டி அவரையே முதலில் செல்ல விட்டார்.

இத்தகைய நேர்மைக்குத் தனிப் புள்ளிகள் வழங்கலாமே எனச் சிலர் கூறுவர். நாம் அதற்கு உடன்படவில்லை. புள்ளிக்காக உரைக்கும் வாய்மை வணிகமாகிவிடும். அன்று மாலை பரிசளிப்புக்கு முன், நடந்ததை நடந்தவாறே அனைவரும் கேட்க உரைத்து, அப்பிள்ளையின் பெயரை ஒருமுறை சொல்லுதல் போதும்.

தோற்றவர்க்கு உரிய இடம்

வென்றவரினும் தோற்றவரைப் போற்றும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். புறப்புண் பட்ட சேர மன்னன் நாணி வடக்கிருந்தான். வென்ற வளவனிடமே, உன்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். அத்துணிவும் அதனைப் பொறுத்த மன்னனின் பெருமையும் புறநானூற்றில் நிலைபெற்றுள்ளன.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக நடைபெற்ற கிரிக்கெட் ஆட்டத்தில், நடுவரால் ஆட்டமிழந்தார் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட பாப் டெய்லரின் மட்டையில் பந்து படவில்லை எனக் கருதிய இந்திய அணித்தலைவர் விசுவநாத், அவரைத் திரும்ப அழைத்தார். அதன்பின் ஆட்டத்தின் போக்கு மாறி இந்தியா தோற்றது. தோல்வி இன்று பலர் நினைவில் இல்லை; அவர் செய்கை நிற்கின்றது. 1999 சனவரியில் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் அணி 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்றது. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தும் வெற்றி நழுவிய துயரத்திலும், பார்வையாளர் எழுந்து நின்று வென்ற அணிக்குக் கைதட்டினர். அவ்வணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். பார்வையாளராய் இருத்தலும் ஒரு பண்பே என்பதைச் சென்னை மக்கள் அன்று உலகிற்குக் காட்டினர்.

ஆகவே விழாவில் இறுதியாக ஓடி வரும் பிள்ளை முடிவுக் கோட்டைக் கடக்கும் வரை அடுத்த பந்தயத்தை அறிவித்தல் கூடாது. சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். குறித்த நேரத்தில் தொடங்குவதும், நிழலும் குடிநீரும் அளிப்பதும் பிள்ளைகட்கு நாம் காட்டும் மரியாதையாகும்.

தொடர் ஓட்டம் உணர்த்துவது

தொடர் ஓட்டத்தில் தனி வீரர் வெல்வதில்லை. கோல் தவறாது கைமாறும் அணியே வெல்லும். எர்ணாவூர் மக்கள் இதனைக் கடற்கரையிலேயே கண்டவர்கள். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் சிந்திய எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் திரண்டு ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளில் அதனை முகந்து கைமாற்றிக் கரையேற்றினர். அங்கே முதலிடம், இரண்டாமிடம் என்பது இல்லை. வாளி நழுவாது அடுத்தவர் கைக்குச் செல்வதே குறியாக இருந்தது. தொடர் ஓட்ட அணிகளை அமைக்கையில் வெவ்வேறு வகுப்பு, வெவ்வேறு தெரு, வெவ்வேறு சமயப் பிள்ளைகளைக் கலந்து அமைத்தால், அவ்வொற்றுமை விளையாட்டுக் களத்திலும் பயிலப்படும்.

முடிவுரை

கோட்டைச் சரியாக அளத்தல், விதியை முன்னரே அறிவித்தல், நடுவரை ஐயத்திற்கு அப்பால் நிறுத்தல், வயதில் வாய்மை காத்தல், தோற்றவரைப் போற்றல், அனைவர்க்கும் பங்கு அளித்தல் ஆகிய ஆறும் நிகழுமாயின் விளையாட்டு விழா அறப்பள்ளியாகத் திகழும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. பெரியோரின் மனவுறுதியே தேவை. எர்ணாவூர்ப் பிள்ளைகள் நாளை துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பணியாற்றச் செல்வர். அங்கே அளவு பார்ப்போராகவும் தீர்ப்புச் சொல்வோராகவும் அமரும் நாளில், இன்று மைதானத்தில் நாம் அவர்களுக்குக் காட்டிய நேர்மையையே அவர்கள் பிறர்க்குக் காட்டுவர். இதனை உளங்கொண்டு ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் வரும் விழாவிலிருந்தே ஆவன செய்வாராக.