டை செட் கேட்ட தம்பிக்கு



கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு ஆரணி வரும்போது .308 ரைஃபிளுக்கு சுட்ட தோட்டாக்கூட்டை மறுபடி நிரப்பும் ரீலோடிங் டை செட் ஒன்று வாங்கி வரச் சொல்கிறாய். பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தால் தெரியாது என்று யோசனை வேறு. இங்கே அமெரிக்காவில் அது கடையில் சோப்பு வாங்குவதுபோல் வாங்கக்கூடிய பொருள்தான். ஆனாலும் கொண்டுவர மாட்டேன்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எடுத்து 2-ஆம் பிரிவைப் படி. தோட்டா என்று அந்தச் சட்டம் எதையெல்லாம் சொல்கிறதோ அதற்குள் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன, தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் வருகிறது. நீ கேட்கும் எஃகு உருளைகளில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. ஆனால் விமான நிலையத்தில் அந்த வாதம் எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. பதக்கம் வாங்க வேண்டிய வயதில் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டாம்.

இன்னொன்று. இன்றைக்கு நீ சுடும் எதற்கும் டை தேவையே இல்லை. 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கி. அதில் மருந்தே கிடையாது. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். 50 மீட்டரில் .22. அதன் தோட்டாக்கூட்டில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. நசுங்கியதை மறுபடி நிரப்பி யாரும் போட்டிக்குப் போவதில்லை. மறுநிரப்பு அர்த்தப்படுவது .308 போன்ற பெரிய தோட்டாக்களில், 300 மீட்டர் போட்டிகளில். ஒலிம்பிக்கிலோ 1972 மியூனிக்கோடு 300 மீட்டர் முடிந்துபோனது.

ஆனாலும் கேட்டுவிட்டாய். மேற்படிப்புக்கு அமெரிக்கா வரப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். (மாணவர் விசாவில் வருபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வந்து இறங்கியதும் முதலில் அதை விசாரி.) ஆகவே டை பற்றித் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் அளவுக்கு உப்பிவிடுகிறது. அதைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவருவது சைசிங் டை. அதன் நடுவில் உள்ள ஊசி, மருந்தைப் பற்றவைத்த பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பிறகு புதுப் பிரைமர், மருந்து. கடைசியாகக் குண்டைக் கழுத்தில் நேராக இறக்குவது சீட்டிங் டை. ரைஃபிள் செட் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டுதான். மூன்றாவதாக ஒரு கிரிம்ப் டையைச் சேர்த்து விற்பார்கள். ஒற்றைத் தோட்டாவாகப் போட்டுச் சுடும் டார்கெட் ரைஃபிளுக்கு அது வீண்செலவு.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறாய். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, ரெடிங், ஃபார்ஸ்டர் எல்லாவற்றிலும் நல்ல டை உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஒரே மரைதான்: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. டையைப் பூட்டி அழுத்தும் எந்தப் பிரஸ்ஸிலும் அநேகமாகப் பொருந்தும். கம்பெனியை வைத்துத் தொடங்குவதே தப்பு. உங்கள் தறியில் புதுப் பாவு ஏற்றும்போது அப்பா கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் அச்சையா வாங்கிக் கட்டுகிறார்? எத்தனை இழை, எவ்வளவு முறுக்கு, புடவை என்ன அகலம் என்று பார்த்த பிறகுதானே அச்சு. இங்கே பாவு என்பது உன் துப்பாக்கியின் சேம்பர். அதே துப்பாக்கியில் சுட்ட சில கூடுகளை எடுத்து, அடியிலிருந்து, கழுத்துக்குக் கீழே சரியும் தோள் வரை காலிப்பரால் அள. அந்த அளவு கைக்கு வந்த பிறகு கடைக்குப் போ.

அளவு தெரிந்தால் மற்றது தானாகத் தெளியும். கழுத்தை மட்டும் அழுத்தும் டை பித்தளைக்கு நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சில தடவை சுட்டதும் கூடு சேம்பரில் இறுகி, போல்ட்டை மூடவே பலம் வேண்டும். படுத்துச் சுடுபவனின் நிலை அங்கேயே கலைந்துவிடும். முழு நீள சைசிங் டையே வாங்கு. ஆனால் பெட்டியில் வரும் காகிதம் சொல்வதுபோல் அடி வரை இறக்கி முறுக்கி வைத்துவிடாதே. போல்ட் ரைஃபிளில் தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் போனால் போதும். 0.002 என்பது 0.05 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லிசு. ஒவ்வொரு முறையும் அதைவிட அதிகமாகத் தள்ளினால் பித்தளை அடிப்பக்கம் நீண்டு மெலியும். ஒருநாள் சேம்பருக்குள்ளேயே கூடு இரண்டாகும். முகத்துக்கு எதிரே நடக்கும் விஷயம் அது.

பணம் இருந்தால் செலவழிக்க வேண்டிய இடம் கழுத்து. சாதாரண டை கழுத்தை அளவுக்கு மேல் சுருக்கி, உள்ளே ஒரு உருண்டையை இழுத்து மறுபடி விரிக்கும். இழுக்கும்போது கழுத்து கோணக்கூடும். புஷ்ஷிங் டையில் 0.001 அங்குல வித்தியாசத்தில் வளையங்கள் கிடைக்கும். வேண்டிய பிடிப்பை நீயே தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோமீட்டர் வைத்த சீட்டிங் டை வசதி, அவசியமில்லை. பிஸ்டல் டைகளைப்போல் கார்பைடு என்பதற்காக எண்ணெய் தடவாமல் விடாதே. கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்கு எந்த டையானாலும் மசகு வேண்டும். இல்லையென்றால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெர்டான் பிரைமர் போட்ட பழைய ராணுவக் கூடுகளைத் தொடாதே. அதில் நடுவில் துளை கிடையாது, ஊசிதான் உடையும்.

சரி, இப்போது கையில் இருப்பதற்கு வா. டையில் சொன்ன அதே வேலையை நீ ஆரணியிலிருந்தே செய்யலாம், உன் பெல்லட்டில். 4.5 மில்லிமீட்டர் என்று ஒரே பெயரில் விற்றாலும் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவுக்கு டப்பா மாறும். பத்துப் புள்ளியின் விட்டமோ வெறும் 0.5 மில்லிமீட்டர். உன் பயிற்சியாளரிடம் சொல்லி, துப்பாக்கியைக் கிளாம்பில் பூட்டி, ஒவ்வொரு அளவிலும் ஒரே புள்ளிக்கு ஐந்தைந்து சுடு. எந்த டப்பா சின்ன ஓட்டை போடுகிறதோ அதுதான் உன் குழலுக்கு. அதிலேயே ஒரே லாட் எண்ணாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வை. .22-க்கும் இதுவே. ஒரே பிராண்டில் லாட் மாறினாலே குழல் வேறு மாதிரி பேசும்.

டை செட்டுக்குப் பதில் ஒரு டிஜிட்டல் காலிப்பர் கொண்டுவருகிறேன். அதற்கு உரிமம் வேண்டாம். ஓட்டையின் அகலத்தை வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து 4.5-ஐக் கழித்துக்கொள். டார்கெட் காகிதங்களைக் கிழித்துப் போடாமல், பின்பக்கம் தலை அளவும் லாட் எண்ணும் எழுதி வை. வந்ததும் பார்க்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா